பெட்டி பொரிக்கட்டும், கோழி வளர்க்கட்டும்: வீட்டு இன்குபேட்டருடன் சில வருடங்கள்

வீட்டில் பத்து, பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் இன்குபேட்டர் வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அதைக் குஞ்சு பொரிக்க மட்டும் பயன்படுத்துங்கள். பொரித்த குஞ்சை வளர்க்கிற வேலையை முடிந்தவரை ஓர் அடைக்கோழியிடமே விட்டுவிடுங்கள். சில வருடங்களாக இரண்டு விதமாகவும் செய்து பார்த்த பிறகுதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது வெள்ளகோவில் பக்கம், தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில். சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிகள், அவற்றுக்கு ஒரு சேவல். பெட்டி சாதாரணமானதுதான்: ஐம்பது முட்டை வரை பிடிக்கும் தெர்மாகோல் பெட்டி, உள்ளே இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ட்ரோலர், அடியில் தண்ணீர்த் தட்டு. முட்டையைக் கையால்தான் உருட்ட வேண்டும்.

வாங்கக் காரணம் எளிது. நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு திரியும். இப்படியே போனால் ஒரு கோழி வருடத்துக்கு மூன்று, நான்கு முறைதான் முட்டைக்கு வரும். எல்லாக் கோழியையும் அடையில் விடாமல் முட்டையைப் பெட்டிக்கு மாற்றினால், மற்றவை சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும்.

முதலில் முட்டை. கடையில் விற்கும் நாமக்கல் முட்டையை வைத்தால் பொரிக்குமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது, முட்டையில் கரு இருக்காது. வீட்டில் எட்டு, பத்து கோழிக்கு ஒரு சேவல் இருந்தால் போதும். எடுத்த முட்டையை ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும். கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைத்தால் சரி. ஃபிரிட்ஜில் வேண்டாம். கழுவவும் வேண்டாம், ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும்.

சூடு 37.5 டிகிரி. இது ஃபேன் உள்ள பெட்டிக்கு. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடும் கீழே ஒரு சூடும் இருக்கும் என்பதால் முட்டையின் மேல்மட்டத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி கூட வைக்கச் சொல்வார்கள். கண்ட்ரோலர் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசம் சகஜம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவில் வைத்துச் சரிபார்த்தால் போதும், ஃபாரன்ஹீட்டில் 99.5 காட்ட வேண்டும். குஞ்சு பொரிக்கும் நாளும் ஒரு கணக்குச் சொல்லும். 19, 20-ஆம் நாளே கூட்டமாக வெளியே வந்தால் சூடு கூடுதல். 22, 23 என்று இழுத்தால் குறைவு. அடுத்த முறை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் பெரிய தொந்தரவு ஈரப்பதம்தான். கூடவே வரும் புத்தகத்தில் முதல் 18 நாளைக்கு 50 சதவீதம் வாக்கில், கடைசி மூன்று நாளைக்கு 65 முதல் 70 என்று ஒரு வரியில் போட்டுவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் காற்றை வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. வெளியில் ஏற்கெனவே வறண்ட காற்று. அதைப் பெட்டிக்குள் சூடாக்கினால் இன்னும் வறண்டுபோகும். ஆடி மாதத்தில் வேறு கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளையெல்லாம் சுற்றவைக்கிற அதே காற்று, சன்னல் திறந்திருக்கும் அறையில் பெட்டியின் ஓட்டைகள் வழியாகப் புகுந்து ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும், சூட்டையும் ஏற்றி இறக்கும். ஐப்பசி மழையில் நேர் எதிர்: தட்டில் தண்ணீரே தேவைப்படாத நாட்கள் வரும்.

அதனால் ஈரப்பதம் காட்டும் மீட்டரை விட எடையைத்தான் நான் நம்புகிறேன். அடைகாக்கும்போது முட்டை தண்ணீர்ச் சத்தை இழந்துகொண்டே வரும். 18-ஆம் நாளில் ஏறத்தாழ 12, 13 சதவீதம் எடை குறைந்திருந்தால் சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம். 45 கிராம் முட்டை ஐந்தரை கிராம் அளவுக்குக் குறைய வேண்டும். கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, சில முட்டைகளில் எண் எழுதி வைத்து, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வேகமாகக் குறைந்தால் தட்டில் ஈரத்துணியைத் தொங்கவிட்டுப் பரப்பைக் கூட்டலாம்; தண்ணீரின் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை, மேற்பரப்புதான் கணக்கு. எடை குறையவே இல்லையென்றால் தட்டை வெளியே எடுத்துவிடலாம். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு, ஓட்டுக்குள் சவ்வு காய்ந்து ஒட்டிச் சாகிற குஞ்சுகள் எங்கள் வீட்டில் வெகுவாகக் குறைந்துவிட்டன.

சித்திரையைப் பற்றி இன்னொன்று. இந்தப் பெட்டிக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. தகர ஷெட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வைத்திருந்தால் மத்தியானம் அறையின் சூடே 38-ஐத் தாண்டும். கண்ட்ரோலர் பல்பை அணைக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. கருவுக்குக் குளிரை விடச் சூடுதான் எமன். ஓட்டு வீடோ மெத்தை வீடோ, கீழ் அறையில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். அப்படி இடம் இல்லாதவர்கள் சித்திரை, வைகாசியை விட்டுவிடுவது நல்லது.

கரண்ட் போவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஓரிரு மணி நேரம் போனால் முட்டை ஒன்றும் ஆகாது. அடைக்கோழியே தினமும் எழுந்து மேய்ந்துவிட்டுத்தான் வருகிறது. பெட்டியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வை போட்டு மூடினால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் கடைசி வாரத்தில் காற்று ஓட்டைகளை அடைத்துவிடக் கூடாது. குஞ்சு உள்ளே வளர்ந்துவிட்டது, அதற்கு மூச்சு வேண்டும், அதுவே கொஞ்சம் சூட்டையும் வெளியிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துகிற நாள் முன்பே தெரிந்துவிடும் என்பதால், பொரிக்கும் நாள் அதில் விழாதபடி தேதி பார்த்து வைக்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்தக் கவலையே இல்லை, இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான்.

உருட்டுவது ஒரு நாளைக்கு மூன்று முறை, அல்லது ஐந்து. ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட ராத்திரியில் முட்டை தினமும் ஒரே பக்கம் கிடக்காது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுவைத்தால் குழப்பம் வராது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பவை கருக்கூடாதவை, எடுத்துவிடலாம். 14-ஆம் நாள் இன்னொரு முறை. கூமுட்டையை உள்ளேயே விட்டால் அது வெடித்து மற்றவற்றையும் கெடுத்துவிடும். 18-ஆம் நாளோடு உருட்டுவதை நிறுத்த வேண்டும்.

அந்தக் கடைசி மூன்று நாள் பெட்டியைத் திறக்காமல் இருக்க மனசைக் கட்டிப்போட வேண்டும். ஓட்டில் சின்ன விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர அரை நாள், சில சமயம் முழு நாள்கூட ஆகும். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, சவ்விலிருந்து ரத்தம் உள்ளே வாங்கப்படுகிறது. உதவி செய்கிறேன் என்று ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும். பொரித்த குஞ்சு உலர்ந்து பஞ்சு போல ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், தீவனத்துக்கு அவசரமில்லை.

இதுவரை சொன்னது பெட்டியின் கதை, இனி குஞ்சுகளின் கதை. தாய் இல்லாமல் வளர்ப்பதென்றால் பல்பு வெளிச்சத்தில் வளர்க்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்து வைத்தால் மூலை இருக்காது, குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்காது. பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் வாய் திறந்து நின்றால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. காங்கேயம் பக்கம் அரிசி ஆலைகள் அதிகம் என்பதால் கீழே போட உமிக்குப் பஞ்சமில்லை. செய்தித்தாளை மட்டும் விரிக்கக் கூடாது. வழுக்கி வழுக்கிக் கால் அகன்று போன குஞ்சு பிறகு நிமிர்வது கஷ்டம். முதல் சில நாள் உமியின் மேல் சாக்கை விரித்துவிடலாம்.

இப்படி வளர்த்தவையும் நன்றாகவே வளர்ந்தன. சிக்கல் அவற்றைத் தோட்டத்தில் விடும்போது வந்தது. எங்கள் அத்தை ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுச் சொன்னார்: "பொட்டியில பொரிச்ச குஞ்சுக்குப் பிராந்து தெரியாது கண்ணு. சொல்லிக்குடுக்க ஆளு வேணுமல்லோ." முழுக்கச் சரி. மேலே பருந்து வட்டமிட்டால் தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் அந்த நொடியே வேலியோரம் பதுங்கிவிடும். எங்கள் பல்புக் குஞ்சுகள் வெட்டவெளியில் அப்படியே நின்றன. கரையானைக் கிளறவும், பொழுதோடு கூட்டுக்குத் திரும்பவும் அவை தாமதமாகத்தான் கற்றுக்கொண்டன.

அதன்பிறகு நடைமுறையை மாற்றினோம். ஒரு கோழி அடைக்குப் படுத்துவிட்டதா என்று முதலில் பார்ப்போம். கூட்டை விட்டு எழாமல், கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அதன் அடியில் எட்டு, ஒன்பது முட்டை. அதே நாளில் பெட்டியிலும் முட்டை. அத்தை வழக்கப்படி அடைக்கூடையில் ஒரு கரித்துண்டும் இரும்புத்துண்டும் போடுவார், இடி இடித்தால் முட்டை கெடாது என்று ஒரு நம்பிக்கை. இரண்டும் ஒன்றாகவே பொரிக்கும். 21-ஆம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியில் உலர்ந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கோழியின் இறகுக்கடியில் தள்ளிவிட வேண்டும். இருட்டு முக்கியம். குஞ்சின் வயதும் முக்கியம்: பொரித்து ஓரிரு நாளுக்குள் இருக்க வேண்டும். நாலைந்து நாள் பல்பு வெளிச்சத்தில் இருந்தது கோழியைத் தாய் என்று ஏற்காது, கோழியும் அதை ஏற்காது. மறுநாள் விடிகாலையில் கூடவே இருந்து கவனியுங்கள். எதையாவது கொத்தினால் அதை மட்டும் எடுத்துவிட வேண்டும். சிறுவிடை உடம்பு சின்னது. மார்கழிக் குளிரில் பதினைந்துக்கு மேல் கொடுத்தால் ஓரத்தில் இருப்பவை நனைந்த மாதிரி விறைத்துப்போகும். வெயில் காலத்தில் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மிச்சம் இருப்பவைதான் இப்போது பல்புக்குப் போகின்றன.

நோயில் வெள்ளைக் கழிச்சலுக்குத்தான் (ராணிக்கெட் நோய்) பயப்பட வேண்டும். வந்தால் மருந்து கிடையாது, சில நாளில் பட்டியே காலியாகிவிடும். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைக்கடியில் தடுப்பூசி, இந்த இரண்டையும் விடாதீர்கள். சொட்டு மருந்துக் குப்பி நூறு குஞ்சுக்கு மேல் வரும், திறந்து கரைத்தால் உடனே தீர்த்துவிட வேண்டும். அதனால் பக்கத்துச் சாளைக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் பொரிக்கும்படி வைக்கிறோம், ஒரு குப்பியை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்து எல்லோர் குஞ்சுக்கும் போட்டுவிடுகிறோம். வருடா வருடம் பிப்ரவரியில் அரசு கால்நடைத் துறை இரண்டு வாரம் இதற்கென்றே முகாம் நடத்துகிறது, வளர்ந்த கோழிகளை அங்கே கொண்டுபோகலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வரும், அது பெரும்பாலும் ஈரமான உமியால் வருவது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளிவிட்டாலே பாதி தொல்லை தீரும்.

தீவனத்துக்கு முதல் ஒரு மாதம் குஞ்சுத் தீவனம், கூடவே கம்பும் மக்காச்சோளக் குருணையும். பழைய சாக்கையும் சாணியையும் பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, பொழுதோடு மண்ணில் கவிழ்த்துவைத்தால் விடியும்போது கரையான் ஏறியிருக்கும். இதை விட நல்ல புரதம் விலைக்குக் கிடைக்காது.

பெட்டியில் முதலில் பழுதானது ஃபேன்தான். குஞ்சின் பஞ்சு போய் ஒட்டிக்கொள்ளும், சத்தம் கூடும், ஒருநாள் நின்றுவிடும். ஃபேன் நின்றால் பல்புக்குப் பக்கத்து முட்டை வெந்துபோகும், கண்ட்ரோலர் ஒன்றும் காட்டாது. ஒரு ஃபேனும் இரண்டு பல்பும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு பொரிப்புக்கும் பிறகு ஓடுகளை அள்ளி, கிருமிநாசினி கரைத்த தண்ணீரால் துடைத்து, நிழலில் காயவைத்துத்தான் அடுத்ததை வைக்க வேண்டும். தெர்மாகோலை வெயிலில் வைத்தால் நெளிந்து மூடி பொருந்தாமல் போகும். இப்போது புதிதாக வாங்குவதென்றால், முட்டை எத்தனை பிடிக்கும் என்பதைப் பார்க்காமல், ஃபேனைக் கழற்றி மாற்ற முடிகிறதா, தண்ணீர்த் தட்டை மூடியைத் திறக்காமல் நிரப்ப முடிகிறதா என்ற இரண்டைத்தான் முதலில் பார்ப்பேன்.