மூக்கைத் துடைத்த கை: எபிலெப்சி எலெக்டிவ் நான்கு வாரம், என் விமர்சனம்

திருநெல்வேலியில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு இப்போது அமெரிக்காவில் நியூராலஜி ரெசிடென்சியில், அதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மூளை நரம்பியல் பயிற்சியில், இருக்கிறேன். மூன்றாம் வருடம். மொத்தம் நான்கு வருடப் படிப்பு. முதல் வருடம் பெரும்பாலும் பொது மருத்துவத்திலேயே போய்விடும், இரண்டாவது வருடம் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்தால் கூப்பிடும் பேஜரோடு. மூன்றாவது வருடத்தில் ஃபெல்லோஷிப்புக்கு, அதாவது ரெசிடென்சிக்குப் பிறகு ஒரே பிரிவில் எடுக்கும் பயிற்சிக்கு, விண்ணப்பம் போட வேண்டும். எந்தப் பிரிவையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்பே "எனக்கு இதுதான் வேண்டும்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் பிரிவை நாமே தேர்ந்தெடுக்கும் எலெக்டிவ் மாதங்களை லீவு மாதிரிக் கழிக்காதீர்கள் என்று ஜூனியர்களிடம் ஓயாமல் சொல்கிறேன். போன மாதம் நான் எடுத்தது எபிலெப்சி, அதாவது வலிப்பு நோய்ப் பிரிவு. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைந்த அந்த அரைக்கும் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

காலை 7 மணிக்கு வீடியோ ஈஈஜி வார்டு. ஈஈஜி என்றால் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது. மற்ற வார்டுகளில் வலிப்பு வரக்கூடாது என்று பார்ப்போம். இங்கே மாத்திரையைக் குறைத்து, தூங்க விடாமல் வைத்து, வலிப்பு வரட்டும், எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கலாம் என்று காத்திருப்போம். தலையில் இருபதுக்கும் மேற்பட்ட எலெக்ட்ரோடுகள், கட்டிலுக்கு மேலே கேமரா, கூப்பிட்டால் ஓடிவர நர்ஸ். ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஈஈஜி படிக்கும் அறைக்குப் போய்விடுவோம். திரையில் ஒரு பக்கம் என்பது 10 நொடி. ஒருவருடைய ஒரு நாள் என்றால் 8,640 பக்கம். இதைக் கேட்டதும் உங்களுக்கு அலுப்பு வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று கவனியுங்கள். எனக்கு ஆர்வம்தான் வந்தது.

முதல் இரண்டு வாரமும் எனக்குக் கடைசி நாற்காலிதான். பேராசிரியர், ஃபெல்லோ, டெக்னீஷியன், அதற்குப் பின்னால் நான். மூன்றாம் வாரம்தான் தனியாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் ஈஈஜியில், நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் கூர்கூராக வளைவுகள் தெரிந்தன. வலிப்பின் அடையாளம் என்று எழுதிவிட்டேன். பேராசிரியர் இரண்டே கேள்வி கேட்டார். "இதற்குப் பின்னால் மெதுவான அலை வருகிறதா? சுற்றியிருக்கும் அலைகள் கலைகிறதா?" இரண்டும் இல்லை. அது விக்கெட் ஸ்பைக், அரைத்தூக்கத்தில் பல பேருக்கு வரும் சாதாரண வடிவம். "நீ எழுதியதை நான் விட்டிருந்தால் இவர் வருடக்கணக்கில் தேவையில்லாத மாத்திரை சாப்பிடுவார், கார் ஓட்டுவதும் நின்றுபோகும்" என்றார். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி வளைவுகளை இன்னும் நாலைந்து இடத்தில் காட்டினார். இந்த எலெக்டிவின் பெரிய பலம் இப்படிச் சொல்லிக் கொடுப்பதுதான்.

அப்புறம் அந்த வீடியோ. இருபத்து நாலு வயதுப் பெண், படுக்கையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று பார்வை நிலைக்கிறது. வாய் எதையோ மெல்லுகிறது. வலது கை போர்வையைப் பிசைகிறது, இடது கை திருகிக்கொண்டு விறைக்கிறது. நர்ஸ் ஓடிவந்து பெயர் கேட்கிறார், பதில் இல்லை. ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. நான் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போகப் பார்த்தேன். "இரு, இன்னும் முடியவில்லை" என்றார் பேராசிரியர். வலிப்பு நின்று கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வலது கையைத் தூக்கி மூக்கைத் துடைத்தாள். சாதாரணமாக, சளி பிடித்தவர்கள் துடைப்பது போல. டெம்போரல் பகுதியிலிருந்து, அதாவது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியிலிருந்து வரும் வலிப்பில், முடிந்த பிறகு மூக்கைத் துடைக்கும் கை பெரும்பாலும் வலிப்பு கிளம்பிய பக்கத்துக் கைதான். எதிர்ப்பக்கக் கை சோர்ந்து கிடக்கும். எம்ஆர்ஐயிலும் அந்தப் பகுதிக்குள் இருக்கும் வலது ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருந்தது.

அந்த வாரமே அறுவை சிகிச்சைக் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பேசினார்கள். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகள் கேட்கவில்லை என்றாலே மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கணக்கு. கனடாவின் லண்டன் நகரில் 80 பேரை வைத்துச் செய்து 2001-ல் வெளியான ஆய்வில், அறுவைக்கு அனுப்பிய பக்கம் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் கழித்து நினைவு தப்பும் வலிப்பே இல்லை. மருந்து மட்டும் கொடுத்த பக்கம் 8 சதவீதம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த எண்கள்தான். ஒருத்தி முகத்தைப் பார்த்த பிறகு அவை வேறு மாதிரி நிற்கின்றன.

மற்ற எலெக்டிவ்களைப் பற்றியும் கொஞ்சம். ஸ்ட்ரோக் எனக்குப் பிடிக்கும். நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, பொருத்தமானவர்களுக்கு 24 மணி நேரம் வரை அந்த ரத்தக் கட்டியை உருவி எடுப்பது, இதைவிடக் கண்கூடான வைத்தியம் எங்கள் துறையில் குறைவு. ஆனால் நான் காப்பாற்றிய ஆளை அடுத்த வருடம் பார்க்க எனக்கு வழியில்லை, அது என்னை உறுத்துகிறது. நடுக்கம் மாதிரி அசைவுக் கோளாறுகளைப் பார்க்கும் மூவ்மென்ட் கிளினிக்கில் மூளைக்குள் வைத்த கருவியைச் சரிசெய்ததும் நடுங்கிய கை நின்றதைப் பார்த்தேன், மறக்காது. நரம்பையும் தசையையும் மின்சாரத்தால் சோதிக்கும் ஈஎம்ஜி நன்றாக இருந்தது.

சரி, அந்த அரை மதிப்பெண். எலெக்டிவ் உங்களுக்குப் பகலை மட்டும்தான் காட்டும். ஐசியுவில் நினைவில்லாமல் கிடப்பவர்களுக்குத் தொடர்ந்து ஈஈஜி ஓடும், வெளியே தெரியாமல் உள்ளே வலிப்பு ஓடுகிறதா என்று இரவெல்லாம் பார்ப்பது ஃபெல்லோதான். நானே கேட்டு ஓர் இரவு கூட இருந்தேன். பதினொரு நோயாளிகள், விடியும்வரை போன். இதை எலெக்டிவிலேயே சேர்த்திருக்க வேண்டும். ஒரு வருடம் வாழப்போகிற வாழ்க்கையில் பாதியை மறைத்துவிட்டுப் பிடித்திருக்கிறதா என்று கேட்பது நியாயமில்லை. நீங்கள் எடுத்தால் அந்த ஓர் இரவைக் கேட்டு வாங்குங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிக்கு வரும் ஜே-1 விசா என்றால் பயிற்சிக்குப் பொதுவாக 7 வருடம்தான் உச்சவரம்பு. நான்கு வருட ரெசிடென்சிக்குப் பிறகு ஒரு வருட எபிலெப்சியோ இரண்டு வருட நியூரோ கிரிட்டிக்கல் கேரோ (மூளை நரம்பு நோயாளிகளின் ஐசியு) அதற்குள் அடங்கும். அதற்கப்புறம் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அந்த இரண்டு வருடத்துக்கு விலக்கு தரும் கான்ராட் 30 திட்டம் மாதிரி ஒரு வழியில் டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருட வேலை. அப்படிப்பட்ட ஊரில் வலிப்பு மட்டும் பார்க்கிறேன் என்று சொல்ல முடியாது. எல்லாம் பார்க்க வேண்டும். ஈஈஜி, ஈஎம்ஜி இரண்டும் கைக்கு வர வேண்டும் என்றால் கிளினிக்கல் நியூரோஃபிசியாலஜி ஒரு வருடம் படிப்பது புத்திசாலித்தனம். நான் அதை எழுதி, அடித்து, கடைசியில் எபிலெப்சி என்றே போட்டேன். அறுவைக் கூட்டத்தில் உட்கார ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கார்டினால் மாத்திரையில்தான் காலம் போகிறது. வலிப்பு வந்தால் வீட்டில் யாராவது சாவிக்கொத்தை எடுத்துக் கையில் வைத்து அழுத்துவார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அது தானாக நிற்கும், சாவியால் நின்றது என்பார்கள். அந்த வீடியோவைப் பார்த்த இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். வலிப்பு நின்ற பிறகு அத்தை மூக்கைத் துடைப்பார்களா, எந்தக் கை என்று கேட்டேன்.

"ஏட்டி, இப்ப எதுக்கு அது?" என்றார் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, சேலை முந்தியால துடைச்சிக்கிடுவாவ. இடது கைதான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா அடுத்து சொன்னார்: "வலது கையிலதான் நாங்க சாவியை வச்சு அமுக்கிப் பிடிச்சிருப்போமே."

இனி யாரும் சாவி வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு இரண்டு கையும் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுங்கள், வலிப்பு நின்ற பிறகும் ஒரு நிமிடம் நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் ஊருக்குப் போகிறேன். அத்தைக்கு இதுவரை எம்ஆர்ஐ எடுத்ததே இல்லை.