கறி தோசையும் கால் கிலோ சின்ன வெங்காயமும்

மதுரைக்கு வரும் வெளியூர் நண்பர்கள் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் அனுப்புவதற்கென்றே கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். போன மாதம் சேலத்திலிருந்து வந்த கல்லூரித் தோழன் அதை ஒன்று விடாமல் தின்று தீர்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும்போது, "எல்லாம் சரிடா, வருஷம் பூரா இதையேவா திங்கிற? வீட்டுக்கு என்ன வாங்குற, எங்க வாங்குற?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். நான் வெளியே சாப்பிடுவது மாதத்துக்கு இரண்டு முறை, மிஞ்சிப்போனால் மூன்று. மற்ற நாளெல்லாம் மஞ்சப்பையும் சில்லறையுமாகத்தான் ஓடுகிறது. அதனால் இந்த முறை இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். வரிசை கிரிசை ஒன்றும் கிடையாது.

முதலில் சிம்மக்கல் கோனார் கடை. கறி தோசை என்றதும் மசால் தோசை மாதிரி உள்ளே கறியை வைத்து மடித்துத் தருவார்கள் என்று நினைத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சேலத்தானும் அப்படித்தான் வந்தான். அப்படியில்லை. கல்லில் ஊத்தப்பக் கனத்துக்கு மாவை ஊற்றி, அது வேகத் தொடங்கும்போதே அடித்த முட்டையை மேலே விட்டு, முட்டை இறுகுவதற்குள் மசாலாவில் ஏற்கெனவே வெந்த ஆட்டுக்கறியை அள்ளிப் போட்டு, கரண்டியால் ஓரம் வரைக்கும் பரப்புகிறார்கள். சுற்றி எண்ணெய். அப்புறம்தான் வித்தையே. அவ்வளவு கனத்தையும் ஒரே திருப்பில், கறித்துண்டு ஒன்றுகூடச் சிதறாமல், கறிப்பக்கம் கல்லில் படும்படி கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததும் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்கே பசி எடுத்துவிடும். கறி நேரடியாகக் கல்லில் பட்டு லேசாகக் கருகி, முட்டையோடு ஒட்டிக்கொண்டு, அடியில் தோசை மெத்தென்று இருக்க, பிய்க்கும்போது மூன்றும் சேர்ந்தே விரலுக்கு வருகிறது. மூன்றும் பிரிந்து வந்தால் அது கறி தோசை இல்லை, தோசையும் கறியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பன் உட்கார்ந்த வேகத்தில் "ரெண்டு கறி தோசை, ஒரு சுக்கா, ஒரு கோலா உருண்டை" என்று அடுக்கினான். பரிமாறுகிறவர் எழுதக்கூட இல்லை. "மொதல்ல ஒரு தோசை சாப்பிடுங்கண்ணே, அப்புறம் வேணும்னா சொல்லுங்க, சூடாப் போட்டுத் தர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நண்பனுக்குக் கொஞ்சம் ரோஷம்தான். ஆனால் ஒன்றை முடிக்கவே அவனுக்கு இருபது நிமிஷம் ஆனது, இரண்டாவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு யோசனை: குழம்பை எடுத்த எடுப்பில் மேலே ஊற்றிவிடாதீர்கள். பாதித் தோசையை வெறுமனே சாப்பிட்டுவிட்டு, மீதிப் பாதிக்குக் குழம்பு.

விற்கிறவரே "இவ்வளவு வேண்டாம்" என்று சொன்னால் அந்தக் கடையை நான் விடுவதில்லை. இது எனக்குச் சந்தையில் படிந்த பழக்கம்.

அண்ணா நகர் உழவர் சந்தைக்குத்தான் ஞாயிறு தவறாமல் போகிறேன். 1999 நவம்பர் 14 அன்று கலைஞர் ஆட்சியில் உழவர் சந்தைத் திட்டம் இங்கேதான் தொடங்கியது, தமிழ்நாடு முழுக்க மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை. இடைத்தரகர் கிடையாது, விளைவித்தவர் அடையாள அட்டையோடு உட்கார்ந்து அவரே விற்கிறார். மொத்தச் சந்தை விலையையும் வெளிக்கடை விலையையும் பார்த்து இரண்டுக்கும் நடுவில் அன்றன்றைக்கு ஒரு விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். முதலில் பலகை முன்னால் போய் நிற்பது என் வழக்கம். தக்காளி எவ்வளவு, கத்தரி எவ்வளவு என்று மனதில் ஏற்றிக்கொண்டுதான் உள்ளே நடப்பேன். பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பலகை பெரிய துணை. என் அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பேரம் பேசாமல் வாங்கிய காய் அம்மாவுக்கு ருசிக்காது.

ஆறரைக்குள் போய்விட வேண்டும். ஏழரைக்குப் போனால் கீரை வாடியிருக்கும், பிஞ்சு வெண்டை போயிருக்கும், முற்றலைத்தான் நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் தரையெல்லாம் சேறு, வேட்டியோடு போகாதீர்கள். வண்டி நிறுத்துவது தனிக் கதை, அதை எழுதினால் இரத்தக் கொதிப்பு ஏறும்.

சின்ன வெங்காயம் விற்கும் ஒரு பெரியம்மாவிடம் இரண்டு வருஷமாக வாங்குகிறேன். போன ஞாயிறு நண்பர்கள் வருகிறார்கள், சுக்கா செய்யலாம் என்று நினைத்து ஒன்றரைக் கிலோ கேட்டேன். குவியலிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, கட்டைவிரலால் காம்புப் பக்கம் அழுத்திக் காட்டினார். மெத்தென்று உள்ளே போனது. தோல் காய்ந்த மாதிரிதான் இருந்தது, கழுத்து மட்டும் ஈரம். "இது நேத்துப் புடுங்குனது தம்பி. காயல. ஒன்றரக் கிலோ வாங்கிட்டுப் போயி கூடைல கொட்டி வச்சீன்னா புதன்கிழம நாத்தம் எடுத்துரும். இன்னிக்கு எவ்வளவு உரிக்கப் போற?" என்றார். நான் யோசித்து, கால் கிலோ என்றேன். "அப்ப கால் கிலோ வாங்கு. அடுத்த வாரம் காஞ்சது கொண்டாறேன்." தராசில் கால் கிலோவுக்கு மேல் நாலு வெங்காயத்தை அள்ளிப் போட்டார். கழுத்தை அழுத்திப் பார்ப்பது என்ற ஒரு விஷயம் அதுவரை எனக்குத் தெரியாது. நாற்பத்தி மூன்று வயசு.

அந்தக் கால் கிலோவை உரித்துச் செய்த சுக்கா எப்படி இருந்தது என்றால், கோனார் கடைப் பக்கமெல்லாம் போகவில்லை, ஆனால் சட்டி காலி. புது வெங்காயத்துக்குத் தண்ணீர் அதிகம், வதங்க நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைக் கொடுத்துச் சிறு தீயில் வைத்தால் இனிப்பு நன்றாக இறங்குகிறது.

இதற்கு நேர் எதிர், வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் கைப்பேசிச் செயலிகள். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டைதான். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குப் பெருங்காயம் தீர்ந்துவிட்டது என்று திறந்தேன். பெருங்காயம் மட்டும் போதும் எனக்கு. இன்னும் நூற்றிச் சொச்சத்துக்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்றது. சரி, ஒரு கிலோ தக்காளி. இன்னும் முப்பது ரூபாய் குறைகிறது என்றது. சரி, ஒரு பிஸ்கட் பாக்கெட். பத்து நிமிஷத்தில் பையன் வந்துவிட்டான், பாவம், மூச்சு வாங்கிக்கொண்டு. பையைப் பிரித்தால் தக்காளியில் நாலு அடிபட்டு நசுங்கி, பிஸ்கட் பாக்கெட் அந்தச் சாற்றில் ஊறிக் கிடந்தது. பெருங்காயம்? 'இருப்பில் இல்லை, தொகை திருப்பித் தரப்படும்.' எதற்காகத் திறந்தேனோ அது மட்டும் இல்லை! புகார் எழுதினால் ஏதோ இயந்திரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பணம் திரும்பி வந்தது, அதை மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கொஞ்சம் பெருங்காயம் வாங்கி அன்றைய ரசத்தை முடித்தோம், அக்காவுக்குப் பதிலுக்கு இரண்டு தக்காளி.

மளிகைக்குக் கீழமாசி வீதி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மொத்தக் கடைகள் நிறைந்த வீதி, லோடு ஏற்றி இறக்கும் நேரத்தில் போனால் நடக்கவே முடியாது, "ஓரம் ஓரம்" என்று மூட்டையோடு வருகிறவர்களுக்கு வழிவிட்டு விட்டுத்தான் போக வேண்டும். சில்லறைக்கும் தருகிற கடைகள் உண்டு. நான் போகும் கடையில் மிளகாய் வற்றலை எடுத்துக் குலுக்கிக் காட்டுவார்கள். முண்டு வற்றல் உருண்டையாக, தோல் தடித்து இருக்கும், குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஆடும், ஆடவில்லை என்றால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இராமநாதபுரம் முண்டு வற்றலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கப்புறம் எந்த உருண்டை வற்றலைப் பார்த்தாலும் 'இராமநாதபுரம்' என்று அட்டை எழுதிக் குத்திவிடுகிறவர்களும் உண்டு. குலுக்கிப் பாருங்கள், காம்பு இருக்கிறதா பாருங்கள், நிறம் பளபளவென்று கண்ணைப் பறித்தால் கொஞ்சம் யோசியுங்கள். கார வற்றலில் பாதியும் முண்டு வற்றலில் பாதியும் கலந்து அரைத்தால்தான் எங்கள் வீட்டுக் குழம்புக்கு நிறமும் காரமும் ஒத்துவருகிறது.

புளியும் அங்கேயேதான். பழைய புளியா புதுப்புளியா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டுக்கும் விலையும் வேறு, வேலையும் வேறு. ரசத்துக்குப் புதுசு, மீன் குழம்புக்குக் கறுத்த பழசு.

மீன் குழம்பு என்றதும் அயிரை நினைவுக்கு வருகிறது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, ஆட்டுக்கறியைவிட விலை. உயிரோடு வாங்கிவந்து பாலில் விட்டால் வயிற்றிலிருக்கும் சேற்றைக் கக்கிவிடும், அப்புறம் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவ வேண்டும். வீட்டில் ஒருமுறை முயன்றோம். குழம்பு நன்றாகத்தான் வந்தது, ஆனால் பாத்திரத்தில் துள்ளியதைப் பார்த்த மகள் அன்று தயிர் சாதம்தான் சாப்பிட்டாள். அதிலிருந்து அயிரை என்றால் மெஸ்தான். மதிய நேரத்தில் போய், வெள்ளைச் சோற்றில் குழம்பை மட்டும் முதலில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

மோசமான சாப்பாடு ஒன்றையும் சொல்லாவிட்டால் நான் எல்லாவற்றையும் புகழ்கிறவன் என்று ஆகிவிடும். புறவழிச்சாலைப் பக்கம் புதிதாகத் திறந்த, குளிர்சாதனமும் கண்ணாடிச் சுவருமாக இருக்கும் ஓர் உணவகம். செட்டிநாட்டுக் கோழி கேட்டோம், வந்தது சிவப்புச் சாயமும் முந்திரி விழுதும். நுனி நாக்கில் இனித்தது. செட்டிநாட்டுக் கோழி எங்கேயாவது இனிக்குமா? கேட்டதற்கு, "எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரிப் பண்ணுறோம் சார்" என்றார்கள். அங்கேயும் பரிமாறுகிறவர் ஒரு யோசனை சொன்னார்: நாலு பேருக்கு இரண்டு பிரியாணி பத்தாது, மூன்றாகச் சொல்லுங்கள் என்று. ஒன்றரைப் பிரியாணியை டப்பாவில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டப்பாவுக்கும் காசு.

இனிப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா எல்லாருக்கும் தெரிந்ததுதான், பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். கோடையில் குடித்தால் சொர்க்கம், சாப்பிட்ட கையோடு குடித்தால் தூக்கம். என் ஓட்டு சாயங்காலம் தள்ளுவண்டியில் கிடைக்கும் பருத்திப்பாலுக்கு. சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள், மார்கழிப் பனியில் அதற்கு ஈடு எதுவும் கிடையாது. வண்டிக்காரர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் முகவரியெல்லாம் கேட்காதீர்கள்.

சேலத்தானுக்கு ரயிலடியில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுவிட்டு, எல்லாம் சரி, அந்தச் சின்ன வெங்காயம் ஒரு ரெண்டு கிலோ அனுப்பிவிடு என்கிறான். பெரியம்மா காய்ந்தது கொண்டுவந்திருக்கிறாரா என்று ஞாயிறு போய்த்தான் பார்க்க வேண்டும். கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.