பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட நிலா வாட்ச்

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ப்ரொஃபெஷனல், நிலாவுக்குப் போனவர்கள் கட்டிக்கொண்டு போன வாட்ச் வகை, 2016-இல் வாங்கியது. ஒன்பது வருஷமாகக் காலையில் பல் தேய்த்த கையோடு அதற்குச் சாவி கொடுத்துவருகிறேன். ஒரு நாள் மறந்தால் மறுநாள் நின்றுவிடும். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவு காசு போட்டும் சாவி கொடுக்கணுமா? தேதிகூடக் காட்டாதா?" காட்டாது. போதாக்குறைக்குக் கண்ணாடியும் பிளாஸ்டிக்.

அதற்கு ஹெசலைட் என்று பெயர். கதவு நிலையில் லேசாக உரசினாலே கோடு விழும். முதல் கோடு விழுந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதெல்லாம் பாலிஷ் பசையைப் பொட்டளவு எடுத்துத் துணியால் பத்து நிமிஷம் தேய்க்கிறேன், கோடு போய்விடுகிறது. வாட்சைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியின் நட்டநடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒமேகா குறி தெரியும். அதைக் கவனிக்கவே எனக்கு நாலு மாதம் ஆனது.

விலை உயர்ந்த வாட்சுகளில் போடும் சஃபையர் கண்ணாடியில் இப்படிக் கோடு விழாது. ஆனால் உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும், விண்கலத்துக்குள் அந்தச் சில்லுகள் மிதந்துகொண்டே இருக்கும். ஹெசலைட் விரிசல் விடுமே தவிரப் பொடியாகச் சிதறாது. அதற்காக அசைக்க முடியாத கண்ணாடி என்றும் சொல்லமாட்டேன். 1971-இல் அப்போலோ 15-இல் போன டேவிட் ஸ்காட், இரண்டாவது நிலா நடை முடிந்து திரும்பியபோது வாட்சில் கண்ணாடியே இல்லை, கழன்றுவிட்டிருந்தது. மூன்றாவது நடைக்கு வேறு கம்பெனி வாட்சைத்தான் கட்டிக்கொண்டு போனார்.

விண்வெளிக்கென்றே செய்த வாட்ச் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. 1957-இல் இது வந்தது கார் பந்தயத்தை மனதில் வைத்து. விளிம்பில் இருக்கும் டாக்கிமீட்டர் அளவுகோல் வேகம் கணக்கிடத்தான் (எனக்கு ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை). 1962-இல் விண்வெளி வீரர் வால்டர் ஷிரா தன் சொந்த வாட்சாகவே இதைக் கட்டிக்கொண்டு மெர்க்குரி கலத்தில் பறந்தார். நாசா சோதித்தது அதற்கு அப்புறம்தான்: 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம், தொடர்ந்து 93 டிகிரியில் அரை மணி, பிறகு உறைகுளிர், வெற்றிடம், அதிர்வு. சோதனைக்கு வந்த குரோனோகிராஃப்களில் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரங்கள்) தாக்குப்பிடித்தது இது மட்டும்தான். 1965 மார்ச்சில் அங்கீகாரம் கிடைத்தது, அந்த ஜூனிலேயே விண்வெளி வீரர் எட் வைட்டின் கையில் இது விண்நடை போனது. அப்போலோ 11-இல் கலத்தின் டைமர் கெட்டுப்போனதால் ஆம்ஸ்ட்ராங் தன் வாட்சை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார், ஆல்ட்ரின் கட்டிக்கொண்டு நடந்தார். அந்த ஆல்ட்ரின் வாட்ச் பிற்பாடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பும்போது தொலைந்தேபோனது!

எனக்கு இதில் பிடித்த கதை 1970 ஏப்ரல், அப்போலோ 13. கலத்தில் விபத்து நடந்ததால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணினியை அணைத்துவிட்டார்கள். பாதையைத் திருத்த இன்ஜினை 14 வினாடி எரிக்க வேண்டும். அதில் இருந்த மூன்று வீரர்களில் லவலும் ஹைஸும் கலத்தைத் திசை மாறாமல் பிடித்துக்கொள்ள, ஸ்விகர்ட் தன் ஸ்பீட்மாஸ்டரில் வினாடி பார்த்தார். நான் இதில் தினமும் நேரம் பார்ப்பது முட்டை வேகத்தான். ஒரு நாள் அடுப்பு முன்னால் நின்று 14 வினாடி ஓடவிட்டுப் பார்த்தேன். நினைத்ததைவிட ரொம்ப நீளம்.

குறைகளும் உண்டு. ஐந்தாம் வருஷம் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டிய ஸ்டாப்வாட்ச் முள் ஒரு கோடு தள்ளி நிற்க ஆரம்பித்தது. சர்வீஸுக்குக் கொடுத்ததில் மூன்று மாதம் போனது, செலவான பணத்தில் நல்ல போன் ஒன்று வாங்கியிருக்கலாம். 50 மீட்டர் ஆழம் தாங்கும் என்று போட்டிருக்கிறது, ஆனாலும் மழை வந்தால் என் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விடும். நிலாவுக்குப் போனதில் இருந்த 321 என்ற எண்ணுள்ள இயந்திரமும் என்னுடையதில் இல்லை, இதில் இருப்பது 1861 என்ற எண்ணுள்ளது.

இப்போது 3861 இயந்திரத்தோடு வருகிறது, சஃபையர் கண்ணாடியிலும் கிடைக்கிறது. வாங்குவதானால் ஹெசலைட்டையே எடுங்கள். கூடவே பாலிஷ் பசை ஒரு டியூப்.