சின்ன வானொலிக்கு வாய்ஸ்மீட்டர் பனானா போதுமா?

தனி மிக்சர் வாங்கக் கையில் பணமில்லாத சமுதாய வானொலிகளில் முதலில் பேச்சுக்கு வருவது வாய்ஸ்மீட்டர் பனானா என்ற மிக்சர் மென்பொருள்தான். விண்டோஸில் ஓடும். தனிநபர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நிலையம் என்றால் உரிமம் வாங்கிவிடுவதே முறை. மைக் முதலானவற்றுக்கு 3 நேரடி உள்ளீடு, கணினியில் ஓடும் ஒலிக்கு 2 மெய்நிகர் உள்ளீடு, வெளியே போக ஏ1, ஏ2, ஏ3, பி1, பி2 என்று ஐந்து வழி. ஏ என்பவை ஸ்பீக்கர் போன்ற கருவிகளுக்கு, பி என்பவை கணினியின் மற்ற செயலிகளுக்கு. 100 வாட் சக்தியில் ஒலிபரப்பும் சின்ன நிலையத்துக்குத் தாராளம்.

இதன் அருமை நேயர் அழைப்பில்தான் தெரியும். சம்பாவில் குருத்து காய்கிறது என்று திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கூப்பிடுகிறார். அவர் குரலே அவர் காதில் தாமதமாகத் திரும்பி விழுந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேச்சு ஓடாது. அழைப்புச் செயலியின் ஸ்பீக்கராக ஆக்ஸ் என்ற இரண்டாம் மெய்நிகர் உள்ளீட்டையும் மைக்காக பி2-வையும் கொடுங்கள். அறிவிப்பாளர் மைக்கிலும் பாட்டிலும் பி2 பொத்தான் எரிய வேண்டும். ஆக்ஸில் மட்டும் அணைந்திருக்க வேண்டும். அழைப்பவருக்கு அவர் குரலை மட்டும் விட்டு மற்றதை அனுப்பும் இந்த மிக்ஸ்-மைனஸ் என்பது இவ்வளவுதான். பி1-ஐப் பதிவுக்கு விடுங்கள். ஒலிபரப்பிய நிகழ்ச்சியை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலி விதி.

படபடவென்று சத்தம் வந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள். விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரி என்ற சாம்பிள் ரேட் ஒரு கருவியில் 44100, இன்னொன்றில் 48000 என்று இருக்கும். விண்டோஸ் ஒலி அமைப்பில் எல்லாவற்றையும் 48000-க்கு மாற்றி, வாய்ஸ்மீட்டர் மெனுவில் ஆடியோ எஞ்சினை மறுபடி தொடங்குங்கள். ஏ1-இல் மாட்டிய கருவிதான் எல்லாவற்றுக்கும் தாளம் போடும். ஏ2-வில் வேறொரு யுஎஸ்பி கருவியை மாட்டினால் இரண்டின் கடிகாரமும் மெல்ல விலகும், இடையிடையே டக் டக் கேட்கும். அதனால் 4 வெளியீடுள்ள ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) நல்லது. 1-2 டிரான்ஸ்மிட்டருக்கு (ஏ1), 3-4 ஹெட்ஃபோனுக்கு (ஏ2). கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 512 மாதிரி என்றால் ஒரு சுற்றுக்கே 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. தன் குரலை அப்படிக் கேட்கும் அறிவிப்பாளருக்குக் குழாய்க்குள் பேசுவதுபோல் இருக்கும். மைக்கை ஏ2-வுக்கு அனுப்பாமல் இன்டர்ஃபேஸின் நேரடிக் கண்காணிப்பில் (கணினிக்குள் போகாமலே கேட்கும் வசதி) கேட்கவையுங்கள்.

கோயிலிலிருந்து நாகஸ்வரம், தவில் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் வேகத்தில் ஒலி கிழிந்துவிடும். திரையில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கிப் பயனில்லை, கிழிந்தது கிழிந்ததுதான். இன்டர்ஃபேஸில் உள்வரும் ஒலியைப் பெருக்கும் கெயினைக் குறைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள்.

பெரிய குறை, மவுஸால் ஒரு நேரத்தில் ஒரு ஃபேடரைத்தான் நகர்த்த முடியும். பாட்டைத் தாழ்த்திக்கொண்டே மைக்கை உயர்த்தக் கை வராது. கோர்க் நானோகண்ட்ரோல் 2 போன்ற 8 ஃபேடர் மிடி கருவியை (மென்பொருளைக் கையால் இயக்கும் பலகை) இணைத்தால் வேலை நடக்கும். பாட்டுக்கும் அழைப்புக்குமே மெய்நிகர் உள்ளீடு இரண்டும் தீர்ந்துவிடும். ஜிங்கிளுக்குத் தனிச் செயலி வைப்பவர்கள் மூன்று மெய்நிகர் உள்ளீடுள்ள பெரிய பதிப்பான வாய்ஸ்மீட்டர் பொட்டேட்டோவுக்குப் போக வேண்டியதுதான்.

ஐப்பசி மழையில் மின்சாரம் போனால், அது திரும்பி வந்த நொடியில் அனலாக் மிக்சர் எழுந்துவிடும், கணினி எழ நேரம் பிடிக்கும். யுபிஎஸ் கட்டாயம். டிரான்ஸ்மிட்டர் உள்ளீட்டில் ஒரு சாதாரண மாற்று சுவிட்சும், அதன் மறுபக்கம் பாட்டு நிரப்பிய பென்டிரைவ் பிளேயரும் இருக்கட்டும்.