பதிலடியா, மறுகட்டமைப்பா: டீசல் யார் கணக்கில்?

வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்துப் பொங்கல் விழாவில் பட்டிமன்றம். தலைப்பு: பயங்கரவாதத்துக்கு மருந்து பதிலடியா, மறுகட்டமைப்பா? எடுத்துக்கொண்ட நாடு ஆப்கானிஸ்தான். நான் இரண்டாவது அணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மின்வாரியத்தில் காலம் தள்ளியவனுக்கு வேறு எது தோன்றும்? மேடையில் நேரம் போதவில்லை; விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

பதிலடியின் வேகத்தை மறுப்பதற்கில்லை. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பதிலடியாக 2001 அக்டோபர் 7-ல் அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் குண்டுவீச்சைத் தொடங்கியது. நவம்பர் 13-ல் காபூல் தாலிபான் கையை விட்டுப் போய்விட்டது. அல் கொய்தா முகாம்கள் சிதறின. ஆனால் பின்லேடனை முடித்தது 2011-ல், பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், ஹெலிகாப்டரில் போன ஒரு சிறு குழு. அதற்கா இருபது வருடப் போர் என்று கேட்டேன். "அந்த ஹெலிகாப்டர் ஜலாலாபாத்திலிருந்துதானே சார் கிளம்பிச்சு, அங்கே படை இல்லைன்னா?" என்றார் எதிரணித் தம்பி. நியாயமான கேள்விதான்.

ஆப்கன் மறுகட்டமைப்புச் செலவைக் கண்காணிக்க அமெரிக்கா வைத்த சிறப்புத் தணிக்கை அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி போருக்கு 83,700 கோடி டாலர்; மறுகட்டமைப்புக்கு 14,500 கோடி. இந்த இரண்டாவது தொகையிலும் பாதிக்கு மேல் ஆப்கன் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது. "மறுகட்டமைப்பும் செய்து பார்த்தாயிற்றே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் எல்லாம் வந்து நிற்பது பராமரிப்பில். அடுக்ககத்தில் ஜென்செட் வாங்கலாமா என்றால் எல்லோரும் கை தூக்குவார்கள். டீசல் யார் கணக்கில் என்றதும்தான் கூட்டம் ரகளையாகும். காபூலிலும் அதே கதை. நகருக்கு வெளியே தரக்கில் என்ற இடத்தில் 30 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 105 மெகாவாட் டீசல் மின்நிலையம் ஒன்றை அமெரிக்கா கட்டியது. டீசலோ நாட்டுக்கு வெளியிலிருந்து வரவேண்டும். அந்த விலை ஆப்கன் அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை. பெரும்பாலான நாட்கள் நிலையம் சும்மா கிடந்தது.

அதே காலத்தில் நம் மத்திய அரசின் மின்தொடர் நிறுவனமான பவர்கிரிட்டின் ஆட்கள், வடக்கே இருக்கும் புல்-இ-கும்ரி நகரிலிருந்து காபூலுக்கு 220 கிலோவோல்ட் லைன் இழுத்தார்கள். 200 கிலோமீட்டருக்கு மேல், சாலாங் மலையைத் தாண்டி, பனியில் டவர் நட்டு. 2009-ல் உஸ்பெகிஸ்தான் மின்சாரம் காபூலுக்கு வந்தது. டீசல் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலை. லைனுக்கு எரிபொருள் கிடையாது. இன்சுலேட்டர் உடைந்தால் மாற்ற, கம்பி அறுந்தால் இழுத்துக் கட்ட, பழகிய உள்ளூர் லைன்மேன்கள் போதும். ஹெராத்தில் 2016-ல் நாம் முடித்துக் கொடுத்த சல்மா அணையும் (42 மெகாவாட்) அப்படித்தான். அங்கே டீசலுக்குப் பதில் ஹரி ருத் ஆறு.

ராணுவத்துக்கும் இதே கணக்கு. ஆப்கன் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர்களை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைக் கொடுத்தார்கள். அதைப் பழுதுபார்க்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் வேண்டும். 2021-ல் அவர்கள் கிளம்பியதும் விமானப்படை முடங்க ஆரம்பித்தது. ஆகஸ்ட் 15-ல் காபூல் விழுந்தது.

என் பக்கத்திலும் ஒரு ஓட்டை உண்டு: காவல். ஆப்கானிஸ்தானின் தென்மேற்கில் ஜரஞ்ச்–தெலாராம் சாலையை, 218 கிலோமீட்டர், நம் எல்லைச் சாலை அமைப்பு போட்டபோது இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை துணைக்கு நிற்க வேண்டியிருந்தது. அப்படியும் உயிர்கள் போயின. 2016 ஜனவரியில், உஸ்பெக் மின்சாரம் வரும் வழியிலுள்ள பாக்லான் மாகாணத்துச் சண்டையில் மின் டவர்கள் சாய்ந்து காபூல் இருண்டது. ஒரு டவருக்கு எத்தனை துப்பாக்கி வேண்டும் என்பது என் தொழிலில்லை. அதில் எதிரணி சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தயார்.

ஆனால் தாலிபான் ஆட்சிக்கு வந்த பிறகும் உஸ்பெகிஸ்தானிலிருந்து மின்சாரம் வாங்கித்தான் காபூலில் விளக்கெரிகிறது. அந்த பில்லைக் கட்டுவதும், டவர்களைக் காப்பதும் இப்போது அவர்கள் தலையில்.