சிஎஸ்ஆரா, கடைவீதி உபயமா, சம்பளப் பிடித்தமா?

தொழில் செய்பவர்களிடம் நன்கொடை கேட்கலாம் என்றதும் சின்ன அறக்கட்டளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது சிஎஸ்ஆர் பணம்தான், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணம். தப்பில்லை. முந்தைய நிதியாண்டில் குறைந்தது 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி டர்ன்ஓவரோ, 5 கோடி நிகர லாபமோ இருந்த கம்பெனி, மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. மனசு வந்து கொடுப்பதல்ல, கொடுத்தே தீர வேண்டிய பணம்.

ஆனால் வாசலிலேயே சல்லடை இருக்கிறது. வருமான வரித் துறையின் 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து, சிஎஸ்ஆர் பணம் வாங்க மத்திய அரசிடம் பதிந்து பெறும் சிஎஸ்ஆர்-1 எண்ணும் வேண்டும். மூன்றாண்டு வேலை அனுபவத்தைக் காட்ட வேண்டும். அதையெல்லாம் தாண்டினாலும் பணம் திட்டத்துக்குத்தான் வரும், ஆபீஸ் வாடகைக்கு வராது. நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு என்பது கம்பெனியின் சொந்தச் செலவுக்குப் போட்டது. அதை அறக்கட்டளையின் தலையில் கட்டப் பார்ப்பவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள்.

கடைவீதியில் இந்தக் கெடுபிடி கிடையாது. ட்யூப்லைட் வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதன்மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதிக் கொடுக்கும் ஊர் நம்முடையது. கொடுக்கிற பழக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. “ஏதாவது உதவி பண்ணுங்க” என்றால் 500 ரூபாய் வரும். “அண்ணாச்சி, அப்பா திதி அன்னைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடு உங்க கடை சார்பா வச்சுக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். பல கடைக்காரர்கள் அடுத்த வருஷத்துக்கும் அந்தத் தேதியை எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். ரசீதை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி சலுகை கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. தீபாவளிக்குச் சாப்பாடு போட நாலு பேர் வந்து நிற்பார்கள். ஜூன் மாதம் தேடினாலும் ஆள் கிடைக்காது. அதனால் போகும்போதே நாள்காட்டியைக் கொண்டுபோய்க் காலியான தேதியைக் காட்டுங்கள்.

மூன்றாவது, ஊழியர்கள் மாதாமாதம் சம்பளத்தில் 100, 200 ரூபாய் பிடித்துக்கொள்ளச் சம்மதிப்பதும், கம்பெனி அதே அளவு தன் பங்கைச் சேர்ப்பதும். தொகை சின்னது, ஆனால் மாதம் தவறாது. பெரும்பாலும் இன்ன செலவுக்குத்தான் என்ற நிபந்தனை இருக்காது என்பதால் ஆசிரியர் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் இதுதான் கைகொடுக்கும். வரிச் சலுகையைச் சொல்லி மட்டும் இழுக்க வேண்டாம்: புதிய வரி முறையில் இருக்கும் ஊழியருக்கு 80ஜி கழிவு இல்லை, 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கும் இல்லை. எச்ஆர் ஆட்கள் இதைச் சட்டென்று கேட்டுவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், தொடங்கி ஓரிரு வருஷமே ஆன அறக்கட்டளை கடைவீதியில் ஆரம்பிக்கலாம், அப்புறம் சம்பளப் பிடித்தத்துக்குப் போகலாம். சிஎஸ்ஆர் கடைசியில். அதற்கும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிடப் பக்கத்து ஊர் ஆலைக்கு நேரில் போவது மேல். கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சட்டமே சொல்கிறது. கம்பெனியின் சிஎஸ்ஆர் ஆண்டுத் திட்டம் அதன் இயக்குநர் போர்டுக்குப் போவதற்கு முன்னால் போங்கள். தணிக்கை செய்த கணக்கோடு கடைவீதி ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.