புது சோல், ஜாஸ் ஆல்பம்: வினைலா, ஃப்ளாக் கோப்பா?

சோல் (உணர்ச்சி ததும்பும் கறுப்பின அமெரிக்கப் பாட்டிசை) அல்லது ஜாஸ் ஆல்பத்தை வினைல் இசைத்தட்டாக வாங்குவதா, ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய டிஜிட்டல் கோப்பு) ஆக வாங்குவதா? முதலில் ஆல்பம் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும்போது, ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம்தான் சௌகரியம். 55 நிமிட ஆல்பத்தை ஒரே தட்டில் திணித்தால் ஒலியளவைக் குறைத்துத்தான் தட்டில் பள்ளத்தை வெட்ட முடியும். டபுள் பேஸ் மெலிந்து, தட்டின் இரைச்சல் மேலே வந்துவிடும். அத்தகைய ஆல்பம் இரட்டைத் தட்டாக வந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

சோல் குரலுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தட்டின் ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் பள்ளம், மையத்தருகே 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' ஒலிகள் கரகரக்கும். ஊசியின் அழுத்தத்தைக் குறைத்தால் சரியாகும் என்று நினைப்பது தவறு, கரகரப்பு கூடத்தான் செய்யும். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) 2 கிராம் அளவில் வேண்டும். உங்களுடையதன் கையேட்டைப் பாருங்கள்.

ஃப்ளாக்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கேட்பதற்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே (சிடியின் தரம்) தாராளம். 24 பிட்டுக்குக் கூடுதல் பணம் வீண். ஆனால் புளூடூத் ஹெட்போனில் கேட்டால் ஒலி மறுபடி சுருக்கப்படும், ஸ்நேர் டிரம் மேல் பிரஷ் உரசும் அந்த மெல்லிய சரசரப்புதான் முதலில் மங்கும். கம்பி ஹெட்போன் போடுங்கள். பாட்டுக்குப் பாட்டு விடாமல் ஓடும் நேரடிப் பதிவு என்றால், பிளேயரில் இடைவெளியற்ற ஒலிப்பையும் இயக்கிவிடுங்கள்.

மூவர் குழு வாசித்த 35 நிமிட ஜாஸ் ஆல்பமா? தட்டே வாங்குங்கள்.